நான்கு அங்குல நிலைப்படி

கடந்த ஆண்டு ஆனி மாதம், இரண்டு நாள் விடாமல் பெய்த மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், அடுக்களையிலிருந்து கிணற்றடிக்குப் போன அம்மா பாசியில் வழுக்கி வலப்பக்கமாக விழுந்தார். தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரின் பழைய ஓட்டு வீடுகளில் புறமுற்றம் முழுவதும் அந்த மாதத்தில் பச்சைப் பாசி படர்ந்துதான் கிடக்கும். 76 வயது வரை அதன்மேல் நடந்து பழகியவர்தான் அன்று விழுந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வலது கால் இடது காலைவிடச் சற்றுக் குட்டையாகத் தெரிந்தது; பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. "ஒண்ணுமில்ல மக்ளே, பிடிச்சு எழுப்பு" என்றார். எழுப்ப முடியவில்லை. இடுப்பையொட்டித் தொடை எலும்பு முறிந்தவர்களின் கால் பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

வண்டி வருவதற்குள் மாமா வந்துவிட்டார். "ஆசானை விளிக்கட்டா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. குமரி மாவட்டத்தில் எலும்பு என்றவுடன் வர்ம வைத்தியம் செய்யும் ஆசானும் எண்ணெய்க் கட்டும் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. பிசகிய மணிக்கட்டுக்கும் சுளுக்கிய கணுக்காலுக்கும் அந்தக் கைகளைத் தேடிப் போய் நலமாகி வந்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. ஆனால் முதியவர்களின் இடுப்பு முறிவில், உள்ளே கம்பி வைத்துப் பொருத்தாமல் வெளியே கட்டுப்போட்டு மாதக்கணக்கில் படுக்கவைத்தால், எலும்பு கூடுவதற்கு முன்பே நெஞ்சுச் சளியும் படுக்கைப் புண்ணும் முந்திக்கொள்கின்றன. இத்தகைய முறிவுக்கு வந்த அன்றோ மறுநாளோ அறுவை செய்ய வேண்டும், அறுவைக்கு மறுநாளே எழுப்பி நிறுத்த வேண்டும் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல். நாகர்கோவிலில் நாங்கள் சேர்த்த மருத்துவமனையிலும் ஏறத்தாழ அப்படியே நடந்தது. மறுநாள் அறுவை, அதற்கு அடுத்த நாள் காலையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா அரை நிமிடம் நின்றார்.

குறை அதற்குப் பிறகு தொடங்கியது. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரே ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த பத்துப் பயிற்சிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்ந்ததுபோல் இருந்த ஓர் இளைஞனின் படம். ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். இடையிலிருந்த 42 நாள்களுக்கு அந்தத் தாள்தான் எங்களுக்குத் துணை. ஆசானிடம் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டை அவிழ்க்கவும் எண்ணெய் மாற்றவும் என்று அங்கே யாராவது ஒருவர் அடிக்கடி காலைத் தொட்டுப் பார்க்கிறார். நாங்களோ வெற்றிகரமான அறுவைக்குப் பிறகு தனித்து விடப்பட்டிருந்தோம்.

அந்த 42 நாள்கள் சும்மா கழியக் கூடியவை அல்ல. 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் எதுவுமில்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்திருந்தபோது அவர்கள் கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்துபோனது. நலமாக இருந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், வலியோடும் பயத்தோடும் படுத்திருப்பவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாட்டுக் கணக்குகள் சொல்லுகின்றன. எலும்பு கூடாததால் இறப்பவர்களைவிட, எழுந்து நடமாடாததால் வரும் கேடுகளால் இறப்பவர்களே அதிகம்.

தோழி ஒருத்தி வழியாக மார்த்தாண்டத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட் கிடைத்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் வருவதாகவும், வாரம் இரண்டு முறை வாட்ஸ்அப் வீடியோவில் பார்ப்பதாகவும் ஏற்பாடு. முதல் அழைப்புக்காக அம்மாவைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, காலை நீட்டி, தையல் போட்ட இடம் தெரியும்படி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நான் தயாராக இருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "காலை அப்புறம் பாப்போம் அக்கா. மொதல்ல கட்டில்ல இருந்து கக்கூஸ் வரைக்கும் மெதுவா நடந்து காட்டுங்க, போனைத் தாழ்த்திப் பிடிச்சுக்கிட்டு."

நாற்பது ஆண்டுகளாக நான் நடந்த அந்த வழியை அன்றுதான் பார்த்தேன் என்று சொன்னால் மிகையாகாது. அப்பா காலத்துக் கட்டில் தரையோடு தரையாக இருந்தது. அதிலிருந்து எழ வேண்டுமென்றால் முழங்கால் இடுப்பைவிட உயரமாக நிற்கும், புதிதாகக் கம்பி வைத்த தொடைக்கு அதைவிடக் கடினமான வேலை வேறில்லை. அறைக்கும் நடைக்கும் நடுவில் நான்கு அங்குல உயரத்தில் ஒரு நிலைப்படி. நடையின் திருப்பத்தில் அரிசி டிரம். அதைத் தாண்ட வாக்கரைப் பக்கவாட்டில் தூக்க வேண்டும். கழிவறை வாசலில் ஒரு மிதியடி, அதற்கு மேலே ஒரு மங்கிய பல்பு. இன்ச் டேப்பை நிலைப்படியில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது சாய்தளத்துக்கு உள்ள கணக்கு. ஆகவே எங்களுக்கு நான்கு அடிப் பலகை தேவைப்பட்டது. ஊர் ஆசாரி அதை ஒரே பிற்பகலில் செய்து கொடுத்தார், வழுக்காமல் இருக்க அதன்மேல் குறுக்கே மெல்லிய சட்டங்களும் அடித்துத் தந்தார். கட்டில் கால்களுக்கு அடியில் பலாக்கட்டைகளை வைத்து உயர்த்தினோம். மிதியடி போயிற்று, டிரம் போயிற்று.

முதியோர் மறுவாழ்வுக்கு டிஜிட்டல் தொழில்நுட்பம் என்றதும் கையில் கட்டும் கருவிகளையும் திரையில் ஆடும் பயிற்சிகளையும் நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தப் பலகையைத்தான். மருத்துவமனையின் வழவழப்பான டைல்ஸ் தரையில் அம்மா நடந்ததை மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள்; அவர் நடக்க வேண்டிய வீட்டை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. எங்களிடம் இருந்த சாதாரணக் கைப்பேசி செய்த மிகப் பெரிய உதவி, அந்த வீட்டைத் தெரிந்தவர் ஒருவரின் கண்ணுக்குக் கொண்டுபோனதுதான். அதற்கென்று தனிச் செயலி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதே அழைப்பின் கடைசியில் அவர் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார்: நடக்க முடிந்தால் முதலில் எங்கே போக வேண்டும்? கோயிலுக்கு என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். "மீன்காரி வந்து விளிச்சா படிப்புரைக்கு நானே போணும். இவளுக்கு மீன் பாத்து வாங்கத் தெரியாது" என்றார் அம்மா. கட்டிலிலிருந்து வெளிவாசலில் உள்ள படிப்புரை வரை 22 மீட்டர், நடுவில் மூன்று கல்படிகள். அன்று முதல் எல்லாப் பயிற்சியும் அந்தப் படிகளை நோக்கித்தான். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோவுக்கால் முன்னே என்பதை அம்மா செபம்போல் மனப்பாடம் செய்தார்.

இனி கைக்கடிகாரத்தின் கதை. தோஹாவில் வேலை பார்க்கும் தம்பி, ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் கொடுத்தனுப்பினான். அம்மா நடக்கும் அடிகள் அவனுடைய கைப்பேசிக்குப் போகும்படி இங்குள்ள மருமகன் இணைத்துக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்துத் தம்பி வருத்தத்தோடு அழைத்தான்: "அம்மா, நீங்க நடக்கவே இல்லையே, நேத்து முழுக்க 31 அடிதான் காட்டுது." அம்மா அந்த நாளில் நடைக்கும் கழிவறைக்கும் ஏழு முறையாவது போய்வந்திருந்தார். கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார். "இது என்னை நம்பமாட்டுக்கு மக்ளே."

கடிகாரத்தின் மேல் குற்றமில்லை. நடக்கும்போது கை வீசுவதையும் உடல் அதிர்வதையும் வைத்தே அது அடிகளை எண்ணுகிறது. வாக்கரைப் பிடித்தபடி நடப்பவரின் கை வீசுவதில்லை. முறிவுக்குப் பிறகு தேய்த்துத் தேய்த்து வைக்கும் அடியில் அதிர்வும் இல்லை. மணிக்கட்டில் கட்டும் கருவிகள் மெதுவாக நடக்கும் முதியவர்களின் அடிகளைக் குறைத்து எண்ணுவது ஆய்வாளர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம். பிசியோவின் யோசனைப்படி பழைய துணிப்பட்டையைச் சேர்த்து அதைக் கணுக்காலில் கட்டினோம். எண்ணிக்கை ஓரளவு உண்மைக்கு நெருங்கி வந்தது. ஆனால் அதற்குள் அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஏற்பட்ட சிறு மனக்கசப்பு ஆறுவதற்கு ஒரு வாரம் பிடித்தது. கடல்தாண்டி இருக்கும் பிள்ளைகள் அன்பினால்தான் இதையெல்லாம் அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தாயின் நடையை எண்ணாகப் பார்ப்பதற்கு முன்பு, அந்த எண் எப்படி வருகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

அடிகளை விட்டுவிட்டு வேறொன்றை அளக்கத் தொடங்கினோம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து, மீண்டும் உட்காருவதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்பது 1991 முதல் முதியோர் மருத்துவத்தில் வழக்கில் உள்ள எளிய சோதனை. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழக்கூடிய ஆபத்து உண்டு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கணக்கு வைத்திருக்கிறது. 3 மீட்டரில் ஒரு சிவப்புத் துணியைப் போட்டுவைத்து, கைப்பேசியின் ஸ்டாப்வாட்சில் ஞாயிறுதோறும் அளந்தோம். முதல் முறை 71 வினாடி. நான்காம் வாரம் 52. எட்டாம் வாரம் 33. இந்த எண் அம்மாவுக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் இதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். குறைந்தால் ஏன் குறைந்தது என்றும் அவருக்குத் தெரிந்தது.

ஆஸ்திரேலியாவில் மூன்று மருத்துவமனைகளில் 300 பேரைக் கொண்டு நடந்து 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு இந்த இடத்தில் ஆறுதல் தந்தது. வழக்கமான சிகிச்சையோடு திரை விளையாட்டுகள், செயலிகள், உடலில் அணியும் கருவிகள் ஆகியவற்றை ஒரு பிசியோதெரபிஸ்ட் ஆளுக்குத் தகுந்தாற்போல் தேர்ந்து கொடுத்து, வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்து கவனித்தபோது, ஆறாம் மாதத்தில் அவர்களின் நடமாடும் திறன் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. ஆனால் ஒரு நாளில் அவர்கள் காலூன்றி இருந்த நேரம் கூடவில்லை. எழவும் நடக்கவும் முடிவது வேறு, எழுந்து நடப்பது வேறு. அதற்கும் முன்னால், 2014-ல் அமெரிக்காவில் இடுப்பு முறிவுக்குப் பின் 232 பேரிடம் நடந்த ஆய்வில், டிவிடி போட்டுப் பார்த்து வீட்டிலேயே பயிற்சி செய்தவர்கள், தெரபிஸ்டின் சில நேரடி வருகைகளோடும் தொலைபேசி விசாரிப்புகளோடும் மட்டுமே ஓரளவு முன்னேற்றம் கண்டார்கள். டிவிடி இன்று காயலான் கடைக்குப் போய்விட்டது. அதன் பின்னாலிருந்த ஏற்பாடு, அதாவது பழகிய ஒருவர் பயிற்சியை வகுத்துத் தந்து இடையிடையே விசாரிப்பது, போகவில்லை.

மருமகன் வேறொரு செயலியையும் இறக்கித் தந்தான்: கேமரா உடலின் மூட்டுகளைக் கண்டுபிடித்து, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்துக் குரலில் திருத்தும். பாவம், அது அம்மாவின் சேலைக்குள் முழங்காலைத் தேடித் தோற்றுப்போனது. ஓட்டு வீட்டின் இருட்டும் சேர்ந்துகொள்ள, பக்கத்திலிருந்த நாற்காலியின் காலை அம்மாவின் கால் என்று ஒருமுறை எடுத்துக்கொண்டது. குரலும் ஆங்கிலத்தில். இதுபோன்றவற்றைச் செய்கிறவர்கள் சேலையும் வேட்டியும் கட்டியவர்களை வைத்து ஒருமுறை சோதித்துப் பார்த்தால் புண்ணியமாகப் போகும்.

எங்களுக்குக் கைகொடுத்தது இவற்றையெல்லாம்விட எளிய ஒன்று. மழைக்காலத்தில் மின்சாரம் போய்விடும். சிக்னல் படிப்புரையில்தான் கிடைக்கும். நேரலை அழைப்பு பாதியில் உறைந்து நிற்கும். எனவே அம்மா பயிற்சி செய்வதை அரை நிமிடம் பதிவு செய்து அனுப்பிவிடுவேன், பிசியோ தம் வேலை முடிந்து இரவில் பார்த்துவிட்டுக் குரல்பதிவில் பதில் சொல்லுவார். ஐந்தாம் வாரத்தில் அனுப்பிய ஒரு பதிவைப் பார்த்துவிட்டு, "அக்கா, அம்மாக்கு தோள் வலிக்குதா?" என்று கேட்டார். வலித்துக்கொண்டுதான் இருந்தது, வயதுக் கோளாறு என்று நாங்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். வாக்கரின் உயரம் கூடுதலாக இருந்ததால் அம்மா தோளைத் தூக்கியபடியே நடந்திருக்கிறார். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அங்கேதான் வாக்கரின் பிடி இருக்க வேண்டும். மெடிக்கல் கடையில் வாங்கிய நாள் முதல் அந்தக் கால்களில் உள்ள பொத்தானை அழுத்தி இறக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு துளை இறக்கினோம். மூன்றாம் நாள் தைலப் புட்டி அலமாரிக்குப் போனது. நேரலையில் பேசும்போது இருவரும் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததால் இதைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தப் பதிவுகளில் ஒன்றை நான் தம்பிக்கு அனுப்ப, அவன் மகிழ்ச்சி தாங்காமல் 43 பேர் உள்ள குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். அம்மா நைட்டியோடு படுத்துக் காலைத் தூக்கும் காட்சி. சித்தி விசாரித்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அன்று பயிற்சி செய்யவில்லை, என்னோடு பேசவும் இல்லை. நோயாளியின் தகவலை மருத்துவர் எப்படிக் காக்க வேண்டும் என்று 2020 மார்ச் 25-ல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்களில் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் எப்படிக் காக்க வேண்டும் என்று எந்த வழிகாட்டுதலும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவையும் அம்மா பார்த்துச் சரி என்ற பிறகே அனுப்பினேன்.

திரை எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் அம்மாவின் வலது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. படம் எடுத்து அனுப்பிப் பயிற்சியை மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். பதில் உடனே வந்தது: பயிற்சி வேண்டாம், கார் பிடித்து மருத்துவமனைக்குப் போங்கள். இடுப்பு அறுவைக்குப் பிறகு காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறையக்கூடும்; அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வீக்கத்தைத் திரையில் பார்க்கலாம், அழுத்திப் பார்க்க முடியாது. இரத்த ஓட்டத்தைப் பார்க்க டாப்ளர் ஸ்கேன் வேண்டும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தது. திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சல், புண்ணிலிருந்து நீர் வடிதல், திடீரென்று காலூன்ற முடியாத வலி ஆகியவற்றுக்கும் கைப்பேசியை எடுக்காமல் வண்டியை எடுக்க வேண்டும் என்று பிசியோ எழுதித் தந்த தாளைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தேன். அது தமிழில் இருந்தது.

தனியார் பிசியோவுக்குக் கொடுக்கப் பணம் இல்லாத வீடுகள் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி வழியாக மருத்துவரைக் கட்டணமின்றித் திரையில் பார்க்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567. வாசல்வரை வரும் பணியாளர் ஒருவரும் கையில் ஒரு கைப்பேசியும் ஏற்கனவே இருக்கின்றன. அறுவை செய்த மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பும் அன்றே அந்தப் பணியாளருக்கு ஒரு செய்தி போனால் 42 நாள் வெற்றிடம் பாதி நிரம்பிவிடும் என்பது என் எண்ணம். அந்தச் செய்தியிலேயே எலும்பு மெலிவுக்கு மருந்து தொடங்கியாயிற்றா என்ற கேள்வியும் இருக்கட்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது என்றாலே எலும்பு மெலிந்திருக்கிறது என்று பொருள்; முறிந்த எலும்பைச் சரிசெய்துவிட்டு, அடுத்து முறியப்போகும் எலும்பை மறந்துவிடுவது எல்லா ஊர்களிலும் நடக்கிறது. எங்களுக்கும் அது மூன்றாம் மாதத்தில், நாங்களாகக் கேட்ட பிறகுதான் தொடங்கியது.

பயிற்சி நேரத்தை நினைவூட்ட நான் வைத்த அலாரத்தை, மகன் அழைக்கிறான் என்று நினைத்து அம்மா எடுத்து எடுத்துப் பேசிப் பார்த்தார். அதை நிறுத்திவிட்டேன். பக்கத்துத் தேவாலயத்தில் காலை ஆறுக்கும் நண்பகலுக்கும் மாலை ஆறுக்கும் மணி அடிக்கும்; மணி கேட்டதும் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது என்று அவராகவே வைத்துக்கொண்டார்.

பதினான்காம் வாரம், ஒரு புதன்கிழமை. வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறி ஒன்பது நாள் ஆகியிருந்தது. திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அம்மா பிசியோவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது படிப்புரைக்கு வெளியே மீன்காரரின் குரல் கேட்டது. அம்மா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். திரையில் வெறும் நாற்காலிதான் தெரிந்திருக்கும். "அக்கா, போனைத் திருப்புங்க, காலைக் காட்டுங்க" என்று அவசரமாகச் சொன்னார் பிசியோ. திருப்பினேன். முதல் படியில் நோவுக்கால் முன்னே இறங்கியது, பிறகு தடி சேர்ந்தது, பிறகு நல்ல கால். மூன்று படிகளும் அப்படியே. படிப்புரையில் சருவத்தை இறக்கிவைத்த மீன்காரர் சாளைக்கு ஒரு விலை சொன்னார். அது அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கைத்தடியைத் தூணில் சாய்த்துவைத்துவிட்டு, ஒரு மீனை எடுத்து அதன் செவுளைப் பிளந்து காட்டி, இரண்டு கையாலும் வழக்காடத் தொடங்கினார்.

"தடியை விட்டுட்டாங்க, பாத்தீங்களா?" என்றது கையிலிருந்த கைப்பேசி.

அம்மா காதில் அது விழவில்லை. சாளை விலை இருபது ரூபாய் இறங்கியிருந்தது.